ஓவியமா, முகமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் சிபாரிசில் இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜென்தோவின் ‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’ (1975) என்ற கொலை மர்மப் படத்தைப் பார்த்தேன். கொலையாளியை ஊகிக்க ஒரு துப்பும் தராமல் கடைசியில் ஒரு முகத்தைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். இது மோசடி இல்லையா? கதையிலும் ஏகப்பட்ட ஓட்டைகள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓட்டைகள் உண்டு. நடுவில் படம் இழுக்கவும் செய்கிறது. ஆனால் மோசடி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கொலையாளியின் முகத்தைத் திரையில் காட்டிவிட்டார்கள். நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். இருவரும் கோட்டைவிட்டோம்.

இரவு, ஆளற்ற சதுக்கம். மேலே ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒரு பெண்ணின் கழுத்தில் இறங்குகிறது. பியானோ கலைஞன் மார்க்கஸ் மாடிக்கு ஓடுகிறான். நடைவழியின் இருபுறமும் ஓவியங்கள், வெளிறிய முகங்கள். கேமரா அவனோடு நிற்காமல் விரைகிறது. பிறகு அவன், ‘இங்கிருந்த ஓர் ஓவியத்தைக் காணோம்’ என்று படம் முழுக்கப் புலம்புகிறான். காணாமல் போனது ஓவியமே அல்ல. அங்கே இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் தெரிந்தது உயிருள்ள முகம். யாருடையது என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக இங்கே எழுதவில்லை.

மார்க்கஸாக நடித்த டேவிட் ஹெமிங்ஸ்தான் 1966இல் இயக்குநர் அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படத்தில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கொலையைத் தேடியவர். அர்ஜென்தோ அவரையே அழைத்து வந்தது வெறும் குறும்பாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் எதிர்பார்ப்பிலும் தவறில்லை. 1929இல் மொந்ததோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியதால்தான் இந்த வகை இத்தாலியக் கொலை மர்மப் படங்களுக்கு ‘ஜாலோ’, அதாவது மஞ்சள், என்ற பெயரே வந்தது. அந்த நாவல்களில் துப்புகளைக் கோத்தால் விடை கிடைக்கும். இங்கே கோப்பதற்கு எதுவுமில்லை, பார்த்ததை நினைவுகூர வேண்டும், அவ்வளவுதான். கொலைக்கு முன் ஒலிக்கும் அந்தக் குழந்தைப் பாட்டும் அப்படித்தான். கோப்ளின் குழுவின் ராக் இசையை எல்லோரும் புகழ்கிறார்கள். என்னை நடுங்க வைத்தது அந்தப் பாட்டுதான்.

ஒரு சந்தேகம்: நீங்கள் பார்த்தது ஆங்கிலத்தில் வெட்டிச் சுருக்கிய பிரதியா? அதில் பல காட்சிகள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இத்தாலியப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். நடைவழி வரும்போது இடதுபுறம் கண் வையுங்கள்.