அமாபியானோ பீட் செய்தால் வெறும் ஹவுஸ் மாதிரியே வருகிறதே, ஏன்?

வேகத்தை நிமிடத்துக்குச் சரியாக 113 அடிகளில் வைத்தும், லாக் டிரம் சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) போட்டும் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை போலவே ஒலிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு கிக்கில்தான், அதாவது தாழ்ந்த டிரம் அடியில்தான் இருக்கும்.

ஹவுஸில் நான்கு அடிக்கும் விழும் கனத்த கிக்தான் பாட்டை இழுத்துப் போகும். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் நகர்ப்புறங்களில் 2010களில் வளர்ந்த நடன இசையான அமாபியானோவில் அந்த வேலை லாக் டிரம்முக்கு. பெயரில்தான் டிரம், உண்மையில் அது சுருதியோடு நகரும் பேஸ். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளின் டிஎக்ஸ்10 சின்தசைசரிலிருந்து பரவிய ஒலி அது. ஆகவே கிக்கை மெலிதாக்குங்கள், சில இடங்களில் எடுத்தே விடுங்கள். கிக்கும் லாக் டிரம்மும் ஒரே நேரத்தில் 50–60 ஹெர்ட்ஸில் மோதினால் அடிச்சுருதி குழம்பிவிடும்.

லாக் டிரம்மை அடியின் மேல் வைக்காமல் அடிகளுக்கு இடையில் வையுங்கள். மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) வைத்து, ஒரு சுரம் அடுத்ததன் மேல் சற்றே படியும்படி நீட்டி, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் கிளைடை இயக்கினால் அந்த வழுக்கல் கிடைக்கும். கைப்பேசியில் கேட்கவில்லையா? கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) கொடுங்கள். மேல் அதிர்வெண்கள் சேர்ந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் புலப்படும்.

ஷேக்கர் (குலுக்கும் தாளக் கருவி) பதினாறாம் சுரங்களில், அதாவது ஓர் அடிக்கு நான்காக, லேசான ஸ்விங்குடன் (சில தட்டுகள் சற்றே தாமதித்து விழும்படி), ஒவ்வொரு அடியின் அழுத்தமும் மாறி மாறி ஓடட்டும். எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் தையல் இயந்திரம்தான் நினைவுக்கு வரும்.

லாக் டிரம்மை முதல் நொடியிலேயே இறக்கிவிடாதீர்கள். ஷேக்கரும் பியானோ கார்டுகளும் ஒரு நிமிடமாவது ஓடட்டும். பிறகு அது நுழையும்போதுதான் ஆட்டக்காரர்கள் எழுவார்கள்.