பாடாங்கில் நமக்கு என்ன?

கேள்வி: சிங்கப்பூரின் பாடாங் திடல் வெறும் புல்வெளிதானே? வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய திடலைத் தேசிய நினைவுச்சின்னமாக்கியதில் நம்மவர்கள் பெருமைப்பட என்ன இருக்கிறது? (வாசகர், ஈசூன்)

பதில்: கிரிக்கெட் ஆடியது உண்மைதான். அதற்காகப் பாடாங்கை "வெறும் புல்வெளி" என்று தள்ளிவிட முடியாது. 1929இல் கட்டி முடித்த நகர மண்டபத்தின் கொரிந்தியத் தூண் வரிசையும் 1939இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றத்தின் குவிமாடமும் திடலின் மறுபக்கச் சாலையான கானாட் டிரைவில் நிற்பவர் கண்ணுக்கு ஒருசேர முழுமையாகத் தெரிகின்றன என்றால், நடுவே எதுவும் எழும்பாமல் அந்தத் திடல் காக்கப்பட்டதே காரணம். நிலத்துக்கு இத்தனை தட்டுப்பாடுள்ள ஊரில் அது எளிதில் நடந்துவிடாது. 2022இல் 75ஆவது தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்து, அந்த வெற்றிடத்துக்கே சட்டப் பாதுகாப்பு தந்திருக்கிறார்கள்.

நம்மவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். திடலை ஒட்டி நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் சென்று சுவரைப் பாருங்கள். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நாம் வியந்து தடவிப் பார்க்கும் பூச்சு வேலைக்கு நெருங்கிய உறவு அது. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர். வடிவமைத்த மெக்பர்சனுக்கு வளாகத்திலேயே நினைவுத்தூண் உண்டு. உழைத்த கைதிகளை நாமாவது மறக்காமல் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1943 ஜூலை 5ஆம் நாள் நகர மண்டபத்தின் முன் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, "டெல்லி சலோ" என்று முழங்கியது இந்தத் திடலில்தான். அடுத்து வந்த மாதங்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் பெருந்திரளாக அப்படையில் சேர்ந்தார்கள். 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே நகர மண்டபத்துக்குள்தான். மாண்ட இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்காகத் திடலுக்கு எதிரே எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். 1966இல் முதல் தேசிய தின அணிவகுப்பும் பாடாங்கிலேயே நடந்தது.

நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் இன்று தேசியக் கலைக்கூடமாக இருக்கின்றன. அடுத்த முறை அங்கே போகும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேவாலயத்தையும், கானாட் டிரைவுக்கு அப்பால் எஸ்பிளனேட் பூங்காவில் அந்த வீரர்களுக்காக 1995இல் நிறுவிய நினைவுப் பலகையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.