மாதச் சந்தாவை விட்டு, ஒரே முறை வாங்கும் போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு மாறலாமா?

கேட்டவர் ஆறு வருடமாக அடோபியின் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறார். எடுப்பது பெரும்பாலும் பிள்ளைகளையும் விடுமுறைப் பயணங்களையும்தான். மாறினால் காசு மிச்சமாகுமா, பழைய படங்கள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

நான் 2015 முதல் ஒன்பது வருடம் சந்தா கட்டி, 2024 கடைசியில் வெளியே வந்தவன். காசு மிச்சமாகும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு ஆகாது. உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. மாறுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் அதைக் கேட்பதே இல்லை. நானும் கேட்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரநாளில் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் அலுவலக வேலை, சனி ஞாயிறில் கேமரா. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், தெரிந்த பிள்ளைகளின் அரங்கேற்றம், வருடா வருடம் தைப்பூசம். கொரோனாவுக்குப் பிறகு அதுவும் குறைந்துபோனது. ஒருநாள் வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, இந்த வருஷம் நீங்க எடுத்த படத்தைவிட அதுக்குக் கட்டின காசு ஜாஸ்தி போலிருக்கே" என்றாள். போய்ப் பார்த்தால், நான்கு மாதமாக அந்த மென்பொருளை நான் திறக்கவே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் சேர்ந்த, 20 ஜிபி மேகச் சேமிப்பு உள்ள பழைய திட்டத்தின் பட்டியல் விலை பல வருடமாக மாதம் 9.99 அமெரிக்க டாலராகவே இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அந்தத் திட்டம் புதியவர்களுக்குக் கிடையாது. நம் ஊரில் இதோடு பொருள் சேவை வரியும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் அந்த வரி வந்தபோது 7 விழுக்காடு, 2023இல் 8, 2024இல் 9. சந்தாவில் அந்த வரியும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஒரே முறை வாங்கினால் அதையும் ஒரே முறைதான் கட்டுவீர்கள்.

நான் மாறியது டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் 8க்கு. அப்போது அதன் விலை 230 அமெரிக்க டாலர் வாக்கில் இருந்தது. வருடத்துக்கு 120 டாலர் சந்தா என்று வைத்தால், ஏறத்தாழ இரண்டு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். இதுவரைக்கும் எல்லாரும் போடும் கணக்குத்தான். ஆனால் அந்த நிறுவனம் வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு விடுகிறது, பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு மேம்படுத்தும் விலை முழு விலையில் பாதிக்கு அருகில். அதாவது 115, 120 டாலர். ஆசைப்பட்டு வருடம் தவறாமல் மேம்படுத்தினால் சந்தாவுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை! இரண்டு மூன்று வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடிந்தவருக்கு மட்டும்தான் மிச்சம். ரொம்பவும் பழையதாக விட்டால் அந்தச் சலுகை விலையும் கிடைக்காது.

என் விஷயத்தில் இன்னொரு செலவும் சேர்ந்தது. என்னுடையது 2017இல் வாங்கிய மடிக்கணினி. இருட்டில் எடுத்த படங்களில் மணல்போலத் தெரியும் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்கும் டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் வசதிக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அது இல்லாத கணினியில் ஒரு படத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும். ஒரு தைப்பூசத்துக்கு அறுநூறு படம் எடுப்பவன் எத்தனை இரவு கண் விழிப்பது? புது மடிக்கணினி வாங்கினேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இந்தச் செலவை மனைவியிடம் எப்படி விளக்கினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இனி பழைய படங்கள்.

லைட்ரூமில் நீங்கள் செய்யும் திருத்தம் எதுவும் படத்தின் மேல் எழுதப்படுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த மூலையை வெட்டு, இந்த முகத்தைத் தெளிவாக்கு என்ற கட்டளைகளாக அது கேட்டலாக் என்ற தரவுக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். ரா கோப்பு, அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு, நீங்கள் எடுத்த அன்று இருந்தபடியே வன்வட்டில் இருக்கும். வேறு மென்பொருளில் அதைத் திறந்தால் ஒன்பது வருட உழைப்பு கண்ணில் படாது. எல்லாப் படமும் திருத்தமே இல்லாமல், மங்கலாக வந்து நிற்கும். அக்கா மகளின் அரங்கேற்றப் படங்களை அப்படிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பயந்துவிட வேண்டாம். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், திருத்தியபடியே வெளியே எடுத்து வைக்கலாம். படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியும், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். ஆக, யாரும் உங்கள் படங்களைப் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் நேரம் இருக்கும்போதே ஒழுங்காகக் குடிபெயர்வது நல்லது. எனக்கு மூன்று மாதம் ஆனது, அதுவும் வார இறுதிகளில் மட்டும்.

முதலில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் கொடுத்த படங்களை மட்டும் பிரித்தேன். எழுபதாயிரம் படத்தில் அவை நாலாயிரம்கூட வரவில்லை. அவற்றை முழு அளவு ஜேபெக்காக, நல்ல தரத்தில் வெளியே எடுத்தேன். எல்லாவற்றையும் தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 24 மெகாபிக்சல் படம் ஒன்று, சுருக்காமல் வைத்தால், 144 எம்பி. நாலாயிரத்தால் பெருக்கினால் அரை டெராபைட்டுக்கும் மேல் போகிறது. தாத்தா பாட்டி படங்கள், பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட வேண்டியவை என்று இருநூறு மட்டும் டிஃப்.

அடுத்தது, எல்லாப் படத்தையும் தேர்வு செய்து கண்ட்ரோல் எஸ் அழுத்துவது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்சத்திரம், குறிச்சொல், தலைப்பு எல்லாம் ரா கோப்பின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பாக எழுதப்படும். திருத்தக் கட்டளைகளும் அதில் போகும்தான், மற்ற மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாஷை புரியாது. ஆனால் 'தைப்பூசம்', 'அப்பா', 'மலாக்கா' என்று வருடக்கணக்காகப் போட்ட குறிச்சொற்களை டிஎக்ஸ்ஓ அப்படியே எடுத்துக்கொண்டது.

நான் சறுக்கிய இடம் இதற்கப்புறம்தான். கலெக்ஷன் என்று நீங்கள் சேர்த்து வைத்த தொகுப்புகள் எக்ஸ்எம்பியில் போகாது. விர்ச்சுவல் காப்பியும் போகாது. ஒரே படத்தைக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று வைத்திருந்தேன். கறுப்பு வெள்ளை எல்லாம் பழைய கேட்டலாக்கிலேயே தங்கிவிட்டன. 'அம்மா 70' என்று ஒரு தொகுப்பு, ஐந்து வருடப் படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது, அதுவும் இல்லை. மறுபடி பழைய மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு தொகுப்பாகத் தேர்வு செய்து, அதன் பெயரையே குறிச்சொல்லாகப் போட்டு, திரும்பவும் கண்ட்ரோல் எஸ். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள்.

மாறிய பிறகு எப்படி இருந்தது? முதல் மாதம் எந்த முகத்தைப் பார்த்தாலும் நிறம் தப்பாகவே தெரிந்தது. நம்மவர்களின் மாநிறத் தோல், பக்கத்தில் அரக்குப் பட்டு, மேலே மண்டபத்துக் குழல்விளக்கு என்றால் எந்த மென்பொருளுக்கும் சோதனைதான். குற்றம் மென்பொருளில் இல்லை, ஒன்பது வருடம் ஒரே கலருக்குப் பழகிய என் கண்ணில். பழைய ஜேபெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் பிடித்த அமைப்பு ஒன்றை உருவாக்கிச் சேமித்தேன், சரியாகிவிட்டது.

இரவுப் படங்களில் எனக்கு லாபம். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்கள் நள்ளிரவு வாக்கிலேயே டேங்க் ரோடு முருகன் கோயில் நோக்கிக் கிளம்பிவிடும். ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. கேமராவின் ஒளி உணர்வை (ஐஎஸ்ஓ) 6400க்கு, சில இடத்தில் 12800க்கு ஏற்றிவிடுவேன். டீப்பிரைமில் போட்டு எடுத்தால் நெற்றியில் திருநீறு திருநீறாகத் தெரிகிறது, மணல் மணலாக இல்லை. நியாயமாகச் சொன்னால், லைட்ரூமிலும் 2023இலிருந்து இதுபோன்ற ஒரு வசதி இருக்கிறது. எனக்கு இன்னும் பிடித்தது முகத்தில் ஒரு புள்ளி வைத்து அந்த நிறத்தை மட்டும் வெளிச்சமாக்கும் யூ பாயிண்ட். நிக் கலெக்ஷன் என்ற படம் திருத்தும் மென்பொருள் தொகுப்பில் இருந்த நுட்பம் அது, 2017இல் கூகளிடமிருந்து டிஎக்ஸ்ஓ வாங்கியது. தீபாராதனைத் தட்டுக்குப் பின்னால் நிற்கும் முகத்துக்கு அதைவிட எளிய வழி நான் பார்க்கவில்லை.

படத்தின் ஓரத்தில் கிடக்கும் யாரோ ஒருவரின் செருப்பை நீக்குவது போன்ற ஃபோட்டோஷாப் வேலைகளுக்கு அஃபினிட்டி. நான் அதன் இரண்டாம் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். அந்த நிறுவனத்தை 2024இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபர் கடைசியில் மென்பொருளையே இலவசமாக்கிவிட்டார்கள். கேன்வா கணக்கு ஒன்று இருந்தால் போதும், ஏஐ வசதிகளுக்குத்தான் தனிக் காசு. இன்று மாறுகிறவருக்கு யோகம்!

மற்ற மென்பொருள்கள் பற்றி இரண்டு வரி. டார்க்டேபிள் முற்றிலும் இலவசம், ஆற்றலும் அதிகம். நான் ஒரு மாதம் முயன்று தோற்றேன், பொறுமை உள்ளவர் ஜெயிக்கலாம். கேப்சர் ஒன்னை ஒரே முறை காசு கட்டி வாங்கும்படியும் விற்கிறார்கள், ஆனால் 2023 பிப்ரவரியிலிருந்து அப்படி வாங்குபவருக்குப் பிறகு வரும் புது வசதிகள் கிடையாது. நிக்கான், கேனான், சோனி வைத்திருப்பவர்கள் அந்தந்த நிறுவனத்தின் இலவச மென்பொருளை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பிள்ளைகள் படத்துக்கு அதுவே போதும் என்று தோன்றினால் ஒரு காசுகூடச் செலவில்லை.

ஒரே முறை வாங்கினால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2015இல் லைட்ரூம் 6ஐ 149 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 2017 டிசம்பரோடு அதற்கு மேம்பாடு நின்றது. அடுத்த வருடக் கடைசியில் அதில் இருந்த வரைபடமும் வேலை செய்யவில்லை, கூகள் மேப்ஸ் உரிமம் முடிந்துபோனதால். அதன் பிறகு வந்த கேமராக்களின் ரா கோப்பு அதில் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் அதை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு ஒப்பேற்றலாம், ஆனால் எல்லா மென்பொருளும் அந்தக் கோப்பை ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உங்களைப் பார்த்துச் சிரித்தால், உங்கள் மென்பொருளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

யார் மாறக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் முழுநேரக் கல்யாணப் படக்காரர். தேக்கா உணவங்காடியில் தே குடித்துக்கொண்டே இந்த மாற்றத்தைப் பெருமையாகச் சொன்னேன். "தம்பி, ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் படம் வருது. கை தானா போற இடத்துல பட்டன் இல்லைனா எனக்கு ரெண்டு நாள் நஷ்டம். சந்தாக் காசு எனக்கு ரெண்டு பிரியாணி. நீ மாறு, என்னை விடு" என்றார். அவர் சொன்னது சரி. கைப்பேசி, ஐபேட், கணினி என்று மூன்றிலும் மாறி மாறித் திருத்துபவர்களும் சந்தாவிலேயே இருக்கலாம், அந்த வசதிக்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

உங்கள் நிலைமைக்கு மாறுவது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கிளம்பும் முன் புதுப்பிப்புத் தேதியைப் பாருங்கள். வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டமாக இருந்தால், நடுவில் விலகும்போது மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே குறிச்சொல் வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், பழைய கேட்டலாக் கோப்பை அழித்துவிடாதீர்கள். போன மாதம்கூட அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்காக நான் அதைத் திறந்தேன். டெவலப் பூட்டித்தான் கிடந்தது, படம் வந்துவிட்டது.