கீமோ முடிந்தும் அம்மா எந்நேரமும் சோர்ந்து படுத்திருக்கிறார். மார்பகப் புற்றுநோய். நடக்கச் சொல்லலாமா, ஓய்வெடுக்க விடலாமா?

நடக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூட நடங்கள். 2019-இல் எனக்கு இடது மார்பில் கட்டி; ஆபரேஷன், எட்டு கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு), இப்போது தினம் ஒரு லெட்ரசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை. அதனால் படித்ததும் பட்டதும் கலந்துதான் எழுதுகிறேன்.

இந்தச் சோர்வு வேறு மாதிரி. வேலை செய்து களைத்தால் ஒரு தூக்கத்தில் சரியாகிவிடும். இது பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் பல் துலக்கப் போகும்போதே காலைப் பின்னும். தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, மாவை ஊற்றத் தெம்பில்லாமல் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பார்த்த என் மாமியார் "நீ அசையாதே" என்று கட்டிலுக்கே கஞ்சி கொண்டு வந்தார். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் அப்படிக் கிடந்ததில் தொடையெல்லாம் மெலிந்து, மாடிப்படி பன்னிரண்டும் மலையாகிவிட்டது. படுக்கப் படுக்க உடம்பு வலுவிழக்கிறது, வலுவிழந்த உடம்புக்குக் குளிப்பதே பெரிய வேலை, குளித்த களைப்பில் மறுபடி படுக்கை.

மாத்திரை, டானிக் ஏதாவது இருக்கிறதா என்றுதான் நானும் முதலில் கேட்டேன். 2017-இல் ஜாமா ஆன்காலஜி இதழில் 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகள். சோர்வைக் குறைப்பதில் மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும்தான் முன்னால் நின்றன. 2019-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு (ACSM) தந்த வழிகாட்டலில் அளவே சொல்லியிருக்கிறார்கள்: வாரம் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம், மிதமான வேகம், அதை இரண்டு மூன்று மாதம் விடாமல். மிதமான வேகம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் முதல் நாளே அரை மணி நேரம் என்று உங்கள் அம்மாவை இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் ஹாலிலிருந்து தெரு முனை வரை, போக வர ஐந்து நிமிடத்தில் தொடங்கினேன். கீமோ ஏற்றிய மூன்றாம் நாள், நான்காம் நாள் வாசல் வரை போனாலே பெரிய விஷயம். அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரம் கொஞ்சம் தெளிவாக இருக்கும், அப்போது கூட்டிக்கொள்வேன். முடியாத நாளில் குறைத்துக்கொண்டேன், அடியோடு விடவில்லை. ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் பகல் தூக்கம் இல்லாமல் ஒரு மதியம் கழிந்ததை வைத்து. சோர்வு முழுதாகப் போகவில்லை, இன்றும் சில மாலைகளில் வரும்.

இன்னொன்று, சொல்லும் விதம். "எக்சர்சைஸ் பண்ணு" என்று என் மகன் சொன்னவரை எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பால் பாக்கெட் வாங்கப் போறேன், வர்றியாம்மா" என்று கேட்டான், செருப்பைத் தேடினேன்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கை வீங்கும் என்ற பயம். 2009-இல், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கைக்கு இறுக்க உறை போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் சொல்லித்தர, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதுகூடக் குறைந்தது. நானும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன். அவரைக் கேட்காமல் குடத்தைத் தூக்க வேண்டாம்.

தொடங்கும் முன் டாக்டரிடம் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் குறைவாக இருப்பதால் வரும் சோர்வை நடந்து சரிசெய்ய முடியாது. சிவப்பு மருந்து (டாக்சோரூபிசின் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ) ஏற்றியிருந்தால் இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்கிறார்களா என்றும், எலும்புக்குப் பரவல் இருந்தால் எந்த அசைவு கூடாது என்றும் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 தொட்டால் அன்று நடை கிடையாது, இரவானாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.