ட்ரோன் படிக்க அடம்பிடிக்கும் பத்தாம் வகுப்பு மகன்: 45,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் கம்பம் பக்கம். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடமாக வீட்டில் ட்ரோன் பேச்சுதான். பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் ‘ட்ரோன், ஏ.ஐ. இரண்டும் சேர்த்து’ 45,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் சான்றிதழ், கையோடு வேலை என்கிறார்கள். கட்டலாமா? ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம், அம்மா. 2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்கு முன் யார் கொடுக்கும் சான்றிதழும் சுவரில் மாட்டத்தான் உதவும். வயது வந்தபின் அந்தப் பயிற்சியே சில நாள் வேலைதான். ஆசைக்கு ஓட்டிப் பார்க்க 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோன் போதும். அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட பகுதியில் அதையும் பறக்கவிடக் கூடாது.

சரி, அந்த மூன்று வருடத்தில் என்ன செய்வது? ட்ரோனை ஓட்டிச் சம்பாதிப்பவர்கள் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அவன் இதுவரை பார்த்திருப்பது வீடியோ. வீடியோவில் ட்ரோன் பறப்பது மட்டும்தான் வரும்.

உங்கள் பக்கமே நெல்லுக்கு மருந்தடிக்க ட்ரோன் வருகிறதென்றால் ஒரு காலை நேரம் அனுப்பிவையுங்கள். காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். பத்து லிட்டர் தொட்டி, ஏறக்குறைய பத்து நிமிடம் தாங்கும் பேட்டரி. அதனால் வண்டியில் நாலைந்து செட் பேட்டரியும் சார்ஜ் போட ஒரு ஜெனரேட்டரும் இருக்கும். வயலின் எல்லையைக் குறித்துக் கொடுத்துவிட்டால் ட்ரோன் பெரும்பாலும் தானே போய்த் திரும்பும். ஆளுக்கு வேலை தரையில்தான்: மருந்தை அளந்து கலக்குவது, அடைத்த நாசிலைக் கழுவுவது, கரண்ட் கம்பி எங்கே, தென்னை எங்கே என்று கண் வைப்பது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தால் சமாதானம் பேசுவது. மருந்து விஷயம் என்பதால் பையன் காற்று வரும் பக்கமாக, மருந்து மேலே படாதபடி தள்ளி நின்று பார்த்தால் போதும். ஒத்தாசை செய்கிறேன் என்று கேனைத் தூக்க விடாதீர்கள்.

நில அளவையில் ட்ரோன் முற்றிலும் வேறு வேலை. 2020 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமத்துக் குடியிருப்புகளை இப்படித்தான் படம் பிடித்தார்கள். தரையில் குறியீடு வைத்து அதன் இடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்வார்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, கணினியில் ஒட்டி ஒரே வரைபடமாக்குவார்கள். பறப்பது அரைமணி என்றால், மிச்சமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. கல்யாண வீடியோ, ஆண்டிபட்டிப் பக்கக் காற்றாலைகளின் இறக்கையைச் சோதிப்பது, பழுதான மோட்டாரை மாற்றுவது எல்லாம் இன்னும் வேறு வேறு பிழைப்பு.

தானியங்கியாக மாறிக்கொண்டே போவது ஓட்டும் பகுதிதான் என்பதைக் கவனியுங்கள். பயிரைத் தெரிந்தவர், வரைபடம் படிக்கத் தெரிந்தவர், மின்னணுச் சுற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் ட்ரோன் சம்பளமாகிறது. ஆகவே பையனிடம் ‘ட்ரோன் பிடிக்குமா’ என்று கேட்காதீர்கள், பிடிக்கும் என்றுதான் சொல்வான். பார்த்துவிட்டு வந்தபின் ‘இதில் எந்த வேலையை நீ தினமும் செய்வாய்?’ என்று கேளுங்கள்.

ஆபரேட்டரிடம் அவன் கேட்க வேண்டியதும் அப்படித்தான். ‘இதுக்கு ஸ்கோப் இருக்கா அண்ணா?’ என்றால் எல்லோரும் இருக்கு என்பார்கள். ‘நேற்று என்ன செய்தீங்க? எந்த மாசம் வேலை இல்லாம இருப்பீங்க? பேட்டரி போனா யார் காசு?’ என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

காசில்லாமல் பழக வழிகள் உண்டு. ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருளோடு வரும் சிமுலேட்டரில், அதாவது திரையிலேயே பறக்கும் பொய் ட்ரோனுக்கு, பாதை போட்டுப் பழகலாம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் உங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தை வைத்து வாய்க்காலையும் தெருவையும் வரைந்து பார்க்கலாம். இரண்டுக்கும் கணினி வேண்டும், மொபைல் போதாது. வீட்டில் இல்லையென்றால் பள்ளி கணினி ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கட்டும். ஒரு மணி நேரம் கோடு வரைந்து அலுக்காமல் எழுந்தால் அது நல்ல அடையாளம். அலுத்தால் அதுவும் நல்ல சேதிதான், 45,000 மிச்சம்.

குரூப் விஷயத்தில் கணிதமும் இயற்பியலும் இருக்கிற குரூப்பாகப் பாருங்கள். நான்காவது பாடம் கணினி அறிவியலா உயிரியலா என்பதை மேலே சொன்ன அனுபவம் சொல்லும். வயல் பக்கம் மனசு போனால் உயிரியல், பின்னால் வேளாண் படிப்புகளுக்கு வழி திறந்திருக்கும். வரைபடம் பிடித்தால் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (நில அளவையும் கணினி வரைபடமும் சேர்ந்த படிப்பு) இருக்கிறது. அந்தக் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். வானூர்தி வடிவமைப்பு என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்காமல் கையால் வேலை கற்க விரும்பினால் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, மூன்று வருடம். முடிக்கும்போது 18 வயதும் ஆகியிருக்கும்.

அந்த மையத்துக்கு மறுபடி போனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: டி.ஜி.சி.ஏ. அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா? 15 வயதுப் பையனுக்கு எந்தச் சட்டப்படி பைலட் சான்றிதழ் தருவீர்கள்? பதில் எழுத்தில் வராதவரை முன்பணமும் கொடுக்காதீர்கள்.