குதிரைக்குக் கல்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்?

கேள்வி: என்னிடம் 9 வயதில் ஒரு காயடித்த மார்வாரி குதிரை இருக்கிறது. சில வாரங்களாக, ஓடிவிட்டு வந்ததும் சிறுநீர் கழித்தால் கடைசியில் ரத்தம் வருகிறது. மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பையில் எலுமிச்சை அளவு கல் இருக்கிறது, அறுவைதான் வழி என்கிறார். இணையத்தில் ஒருவர் கல் கரைக்கும் டானிக் விற்கிறார். குதிரையின் கல்லை அதில் போட்டால் நுரைத்துக் கரைவதை வீடியோவாகவும் காட்டுகிறார். மனிதர்களுக்கான கல் சிரப்பையே கொடுக்கலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். எதை வாங்கலாம்? — கோவை வாசகர்

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை அறுவைக்கு வையுங்கள்.

வீடியோவில் காட்டுவது பொய்யல்ல, ஆனால் அது மருந்தின் திறமையும் அல்ல. குதிரையின் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் நுரைக்குமே, அதே வேதியியல்தான் இதுவும். எந்தப் புளிப்பு நீரில் போட்டாலும் அது கரையும். வாய் வழியே கொடுக்கும் டானிக் அந்தப் புளிப்போடு சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராது. எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த கல்லை உள்ளேயே கரைத்துவிடும் பாட்டில் எதுவும் கடையில் கிடையாது.

மைத்துனர் சொல்லும் சிரப் இன்னும் மோசம். மனிதக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட், சில யூரிக் அமிலம். அதனால் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் சிரப்பை மனிதருக்கு எழுதுகிறார்கள். குதிரையின் சிறுநீரோ இயல்பிலேயே காரத்தன்மை உள்ளது, அந்தக் காரத்தில்தான் கார்பனேட் படிந்து கல்லாகிறது. மேலும் காரமாக்குவது கல்லுக்குத் தீனி போடுவதுதான். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் பற்றியும் பலர் எழுதிக் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய கல்லை அவை வெளியேற்றாது. அவற்றை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் சிறுநீர்ப்பைச் சுவர் புண்ணாகிறது, குதிரை ஒவ்வொரு முறையும் முக்கி முக்கி வலியோடு கழிக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி காசு போக வேண்டிய இடம். முதலில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை, கூடவே இரண்டு சிறுநீரகங்களுக்கும் ஸ்கேன். சிறுநீரகங்கள் ஏற்கெனவே கெட்டிருந்தால் அறுவையைப் பற்றி முடிவெடுப்பதே வேறு மாதிரி ஆகும். இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு நேராக அறுவைக்குப் போகாதீர்கள்.

அறுவையில் உங்களுக்கு முன் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, குதிரையை நிற்க வைத்தே, தணிக்கும் மருந்தும் வாலடியில் மரத்துப்போகும் ஊசியும் போட்டு, ஆசனவாய்க்குக் கீழே சிறுநீர்க்குழாயைத் திறந்து கல்லை எடுப்பது. பெரிதாக இருந்தால் உள்ளேயே உடைத்து எடுப்பார்கள். முழு மயக்கம் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் உடைத்த துண்டு ஒன்று தங்கிவிட்டாலும் அதைச் சுற்றி அடுத்த கல் வளரும். இன்னொன்று, முழு மயக்கத்தில் படுக்க வைத்து வயிற்றைத் திறந்து கல்லை முழுசாக எடுப்பது. செலவு அதிகம். மயக்கம் தெளிந்து குதிரை எழும் நேரமும் ஆபத்தானது, தடுமாறி விழுந்து காலை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது. ஆனால் உள்ளே மிச்சம் விடாமல் எடுக்க இதுவே நல்ல வழி. லேசரால் உடைக்கும் வசதியும் உண்டு, அதற்கான கருவி இருக்கும் இடத்தில் மட்டும்.

எலுமிச்சை அளவு, பச்சை மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும் வழக்கமான கல் என்றால் எளிதில் நொறுங்கும். அதனால் உங்கள் குதிரைக்கு நான் முதல் வழியைத்தான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். பணம் கட்டும் முன் மருத்துவரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: கல்லை எடுத்த பிறகு நன்றாகக் கழுவி, ஸ்கோப் (கேமராக் குழாய்) விட்டுத் துண்டு எதுவும் இல்லை என்று பார்ப்பீர்களா? அது கட்டணத்தில் சேர்ந்ததா? இதற்கு நேரான பதில் தராத இடத்தில் செய்யாதீர்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் விசாரித்துப் பாருங்கள். வண்டி ஏற்றும் முன் போன் செய்து, குதிரை அறுவை செய்பவர் அன்று இருக்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்த கல்லைக் கேட்டு வாங்கி, சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் உட்பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் கொடுக்கலாம், அப்போதுதான் எந்த ஆன்டிபயாட்டிக் என்பது ஊகமாக இருக்காது.

இதற்கிடையில் குதிரை முக்கியும் சிறுநீரே வராமல் போனால், கல் குழாயில் இறங்கி அடைத்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனை. சிறுநீர் பெருக்கும் மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள், பை வெடித்துவிடும்.

கேள்வி: எங்கள் குதிரைக்கு நின்றபடியே அறுவை ஆகிவிட்டது. வீட்டில் எதெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்? எப்போது ஏறலாம்? — திருப்பூர் வாசகி

பதில்: அதிகம் வாங்க வேண்டியதில்லை. அந்தப் புண்ணைப் பெரும்பாலும் தைக்காமல் திறந்தே விடுவார்கள், தானாக மூட 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் சில நாள் சிறுநீர் அந்த வழியாகவும் வடியும், பயப்படாதீர்கள். வடியும் நீர் பட்டு உள்தொடை வெந்துபோகும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, புண்ணைச் சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். புண்ணுக்குள் தடவ வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால், லாயத்துக்கு ஒரு கொசுவலையும் மருத்துவர் சொல்லும் ஈ விரட்டியும் நல்ல செலவு.

வலி மருந்தில் மட்டும் கை நீளக் கூடாது. ஃபீனைல்பியூட்டசோன் போன்றவற்றைத் தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகத்தின் உட்பகுதி சிதையும். சிதைந்த அந்தத் திசுவைச் சுற்றியே சிறுநீரகக் கல் உருவாவதும் உண்டு. மருத்துவர் எழுதிய நாள், எழுதிய அளவு, அதோடு நிறுத்துங்கள்.

புண் மூடியதும், ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்தில், நடையில் தொடங்கலாம். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் கணக்கு வேறு: ஒரு மாதம் லாயம், அடுத்த மாதம் சின்ன அடைப்பில் உலவல், அதன் பிறகுதான் சேணம். 3 மாதத்திலும் 6 மாதத்திலும் மறு ஸ்கேனுக்கு இப்போதே பணம் ஒதுக்கிவிடுங்கள். கல் திரும்ப வருவது குதிரைகளில் அபூர்வமல்ல. சின்னதாக இருக்கும்போது பிடித்தால் செலவும் சின்னது.

கேள்வி: கல் மறுபடி வராமல் இருக்க, போர்வெல் தண்ணீரை மென்மையாக்கும் கருவி போடச் சொல்லி ஒரு விற்பனையாளர் வந்தார். எங்கள் தண்ணீர் கடினத்தன்மை 500. முக்கியத் தீவனம் குதிரை மசால். — பல்லடம் வாசகர்

பதில்: கருவி வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 500 என்ற கடினத்தன்மை, அதாவது லிட்டருக்கு 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு, முழுக்கச் சுண்ணாம்பாலேயே வந்தது என்று வைத்தாலும், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம். 30 லிட்டர் குடித்தால் 6 கிராம். உலர்ந்த குதிரை மசாலில் கிலோவுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 கிராம். 5 கிலோ போட்டால் 60 கிராமுக்குக் குறையாது. குதிரையின் குடல், தேவை இருக்கிறதோ இல்லையோ, தீவனத்திலுள்ள கால்சியத்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். உங்கள் வீட்டுச் சுண்ணாம்பு வருவது குழாயிலிருந்து அல்ல, தீவனத்திலிருந்து.

ஆகவே குதிரை மசாலையும் வேலி மசாலையும் குறைத்து, உலர்ந்த அருகம்புல் போன்ற புல் வகைகளுக்கு 10, 15 நாளில் மெல்ல மாற்றுங்கள். கால்சியம் கலந்த தாது உப்பை நிறுத்துங்கள். கொள்ளு இருக்கட்டும், அது தீவனம்தான். ஆனால் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் சாயவும் கூடாது. நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். அதோடு கோதுமைத் தவிட்டையும் அள்ளிப் போட்டால், எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு முகமே வீங்கும் நோய் வரும். கல்லுக்குப் பயந்து எலும்பை இழக்கக் கூடாது.

பலன் தரும் மலிவான பொருள் சாதாரண உப்பு. சிறுநீரகம் நன்றாக இருக்கும் குதிரைக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தினம் 50 கிராம் வரை மெல்ல மெல்லக் கூட்டித் தீவனத்தில் கலக்கலாம். தாகம் கூடும், நீர் நிறையப் போகும், படிவுகள் அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருந்தால்தான் இது சரி. சிறுநீரைப் புளிப்பாக்க அம்மோனியம் குளோரைடு கொடுப்பதுண்டு. ஆனால் ருசி பிடிக்காமல் தீவனத்தையே ஒதுக்கிவிடும் குதிரைகள் பல. மருத்துவர் எழுதினால் மட்டும் வாங்குங்கள், சிறுநீர் புளிப்பாகிறதா என்று மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குதிரையின் சிறுநீர் மோர் மாதிரி கலங்கலாக வருகிறது. கல் சோதனைப் பேக்கேஜ் எடுக்கவா? — ஊட்டி வாசகர்

பதில்: அது மட்டும்தான் என்றால் வேண்டாம். சளியும் சுண்ணாம்புத் துகளும் கலந்து கலங்கலாக இருப்பது குதிரைக்கு இயல்பு. தரையில் விழுந்து சற்று நேரம் கழித்துச் சிவப்பது அல்லது பழுப்பாவதும் பெரும்பாலும் காற்றுபட்டு நடப்பதே. வரும்போதே சிவப்பாக இருந்தால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால், சொட்டிக்கொண்டே இருந்தால் பணத்தைப் பார்க்காமல் காட்டுங்கள். ஓட்டத்துக்குப் பின் காபி நிறத்தில் வந்து உடம்பும் விறைத்தால், அது கல் அல்ல, தசை சிதைவு. நடக்க வைக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் 1.8 லட்சத்துக்கு வாங்கிய குதிரைக்கு, இரண்டு வாரத்தில் பெரிய கல் இருப்பது தெரிந்தது. "எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லித்தான் விற்றார். பணம் திரும்பக் கிடைக்குமா? — ஈரோடு வாசகர்

பதில்: வழி உண்டு, சுலபம் என்று சொல்ல மாட்டேன். 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், பொதுவாக வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் அந்தப் பொருளையே தொழிலாக விற்பவரிடம் எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால் அதன் 16ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். உங்கள் பலமே கல்தான்: பெரிய கல் இரண்டு வாரத்தில் வளராது. விற்பனைக்கு முன்பே இருந்தது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், ஸ்கேன் படத்தையும் கல்லையும் பத்திரப்படுத்துங்கள், பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

சொந்தச் சவாரிக்கு வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. வாடகைச் சவாரித் தொழிலுக்கு வாங்கியிருந்தால், அது உங்கள் சுயதொழில் பிழைப்பு என்று காட்ட வேண்டியிருக்கும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம்.

அடுத்த ஆடியில் வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, குதிரை சிறுநீர் கழிக்கும் வரை காத்திருந்து பாருங்கள். பின்னங்கால் உள்பக்கம் முடி உதிர்ந்து வெந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காயடித்த குதிரை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கூட்டிப்போய், ஆசனவாய் வழியே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.