சேரம்பாடியிலிருந்து ஒரு விண்ணப்பம்

வணக்கம் மேடம்,

கோவை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பந்தலூர் தாலுகா, சேரம்பாடி. அப்பா, அம்மா இருவருக்கும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை. சென்னையில் ஒரு லா ஃபர்மில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று ஆசை. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதி முப்பது, நாற்பது இடங்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து 'இப்போது இடமில்லை' என்று வந்தது. மற்றவர்கள் பதிலே போடவில்லை. அனுப்பிய மெயிலையும் பயோடேட்டாவையும் உங்களுக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன். என் இங்கிலீஷ்தான் காரணமா? ஒரு அரியர் இருக்கிறது, அதை மறைத்துவிடலாமா? எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாரும் கிடையாது. போன லீவில் பந்தலூர் கோர்ட்டில் ஒரு வக்கீல் ஐயாவிடம் நான்கு வாரம் போனேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புக் கோட்டு வாங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ம.,
சேரம்பாடி

அன்புள்ள ம.,

எனக்கு எழுதிய கடிதம் நன்றாக இருக்கிறது. ஃபர்முகளுக்கு எழுதியது நன்றாக இல்லை. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. எனக்கு வந்ததில் ஊர் இருக்கிறது, டேன்டீ இருக்கிறது, பந்தலூர் கோர்ட் இருக்கிறது, அரியர்கூட இருக்கிறது. அவர்களுக்குப் போனதில் 'சட்டத்தின் மீது தீராத வேட்கையும் கடின உழைப்பும் கொண்ட மாணவி' ஒருத்தி 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' வாய்ப்புக் கேட்கிறாள். நிறுவனத்தின் பெயரை மாற்றினால் அந்தக் கடிதம் எந்த ஆபீசுக்கும் பொருந்தும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் பொருந்தும், அதுதான் சிக்கல். போதாக்குறைக்கு, நாற்பது முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இன்னும் முப்பத்தொன்பது பேருக்கு இதே மெயில் போயிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். இங்கிலீஷைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரி செய்யுங்கள்.

இந்த மெயில்களை யார் படிக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பெரிய ஃபர்ம் என்றால் ஹெச்.ஆரில் ஒருவர் படிப்பார். சின்ன ஆபீஸ் என்றால் ஒரு ஜூனியர், மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட்டைப் புரட்டிக்கொண்டே போனில் படிப்பார். கோத்தகிரிக்குக் குடிவருவதற்கு முன் கோவையில் நான் ஆபீஸ் வைத்திருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. அதற்குள் அவருக்குத் தெரிய வேண்டியது, இவர் எந்த ஆண்டு மாணவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருவார், ஏன் இங்கே வரப் பார்க்கிறார், வந்தால் என்ன வேலை கொடுக்கலாம், இவ்வளவுதான். வேட்கையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அது இல்லாதவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை.

சரி, பந்தலூருக்கு வருவோம். 'பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தீர்கள். நம்பாமல், அந்த நான்கு வாரத்தில் என்னதான் செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். நீங்கள் எழுதிய பதில் மற்ற மாணவர்களுக்கும் உதவும் என்பதால், கட்சிக்காரர் யார் என்று தெரியாதபடி இங்கே சொல்கிறேன்.

சீனியர் ஒரு நிலத் தகராறுக் கட்டைக் கொடுத்துத் தேதிவாரியாக எழுதச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பத்திரத்துக்கும் தேதி, ஆவண எண், எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை என்று நிரப்பியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள், ஒரு கிரயப் பத்திரத்தில் இருந்த உட்பிரிவு எண்ணும் கிராம நிலக் கணக்கான அடங்கலில் இருந்ததும் வேறு வேறாக இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. சீனியரிடம் காட்டியிருக்கிறீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூலப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டாயிற்று.

இதற்குச் சென்னையில் என்ன பெயர் தெரியுமா? டைட்டில் வெரிஃபிகேஷன். ஒரு கம்பெனி இடம் வாங்கினாலும், வங்கி கடன் கொடுத்தாலும் ஃபர்மின் ரியல் எஸ்டேட் பிரிவு செய்வது இதே வேலைதான். முப்பது வருட வில்லங்கம், மூலப் பத்திரம், பட்டா எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவார்கள். நீங்கள் விண்ணப்பித்த இடங்களில் பாதிப் பேர் இன்டர்னிடம் முதலில் நீட்டும் காகிதம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பயோடேட்டாவில் இது 'நீதிமன்ற நடைமுறைகளைக் கவனித்தேன்' என்ற ஒரு வரியாகப் படுத்திருக்கிறது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

'பந்தலூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் நான்கு வாரம். ஒரு சொத்து வழக்கில் கிரயப் பத்திரங்கள், அடங்கல் ஆகியவற்றைப் படித்துத் தேதிப் பட்டியல் தயாரித்தேன். பத்திரத்துக்கும் அடங்கலுக்கும் உட்பிரிவு எண்ணில் இருந்த வேறுபாட்டைக் கண்டு சீனியரிடம் தெரிவித்தேன்.'

அவ்வளவுதான். இங்கிலீஷில் எழுதும்போதும் இதே அளவு, இதே எளிமை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. அகராதியில் தேடிப் பிடித்த சொல் ஒன்றுகூட வேண்டாம். கட்சிக்காரர் பெயரோ வழக்கு எண்ணோ மட்டும் எங்கேயும் வரக்கூடாது. எழுத்து மாதிரி கேட்டால் அந்த வழக்கின் பிராதையோ மனுவையோ அனுப்பிவிடாதீர்கள். அது உங்களுடையதல்ல, கட்சிக்காரருடையது. மாதிரி நீதிமன்றப் போட்டிக்காகக் கல்லூரியில் எழுதிய மூட் மெமோரியல் இருந்தால் அனுப்பலாம், அல்லது ஒரு தீர்ப்பைப் பற்றி இரண்டு பக்கம் புதிதாக எழுதி அனுப்பலாம்.

எந்தத் தீர்ப்பு என்று கேட்பீர்கள். 'ஆர்வமுள்ள துறைகள்' என்ற தலைப்பில் கார்ப்பரேட் லா, ஐ.பி.ஆர்., ஆர்பிட்ரேஷன், சைபர் லா என்று நான்கைப் போட்டிருக்கிறீர்கள். நான்கிலும் ஆர்வம் என்றால் படிப்பவர் ஒன்றிலும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். உங்கள் தாலுகாவில் கிடப்பதை எண்ணிப் பாருங்கள். ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த, 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். அதில் தோட்டக் குத்தகை பற்றிய பிரிவு 17-இல் வரும் நிலம் என்றால் உங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி 1972-இல் பால்மடீஸ் வழக்கில் செல்லாது என்று ஆனது. 1974-இல் அதை, சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி காப்பதற்காக அரசியலமைப்பில் வைத்த ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். அதை எதிர்த்துப் போன வழக்கில்தான் 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் சோதிக்கலாம் என்றார்கள். ஐ.ஆர். கொய்லோ வழக்கு. நாடெங்கும் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், கூடலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே. காட்டைப் பற்றிய கோதவர்மன் வழக்கு 1995-இல் தொடங்கியதும் உங்கள் பக்கத்துக் காடுகளை வைத்துத்தான். மசினகுடி யானை வழித்தடத் தீர்ப்பு 2020-இல் வந்தது.

இவற்றில் ஒன்றை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் பிரிவு 17 தெரியும் என்று எழுதிவிட முடியாது. சட்டத்தைத் திறந்து அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் எழுத முடியும். பார்த்துவிட்டால், ஊரில் வளர்ந்ததால் உங்களுக்குத் தெரிந்ததும் சேர்ந்துகொள்ளும். பட்டா இல்லாத வீட்டுக்கு மின்சார இணைப்பு வாங்க எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்பது கமெண்டரி புத்தகத்தில் இருக்காது.

அப்புறம், அந்தத் தீர்ப்புகளின் முதல் பக்கத்தைப் பாருங்கள். மனுதாரருக்கு யார், எதிர்மனுதாரருக்கு யார் என்று வழக்கறிஞர்கள் பெயர் இருக்கும். நீலகிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்குப் போகும். (கொடைக்கானல் மாணவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு மதுரைக் கிளை.) பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையில்தான். உயர் நீதிமன்ற இணையதளத்தில் கடந்த சில வருடத்து கூடலூர், பந்தலூர் நில வழக்குகளைத் தேடினால், திரும்பத் திரும்ப வரும் சில பெயர்கள் தென்படும். எழுத வேண்டியது அவர்களுக்கு. 'இன்ன வழக்கில் நீங்கள் ஆஜரானதைத் தீர்ப்பில் படித்தேன், அந்த நிலம் எங்கள் ஊர்ப் பக்கம், பிரிவு 17 பற்றி இதைப் படித்திருக்கிறேன்' என்று தொடங்கும் மெயிலை எந்த ஜூனியரும் தள்ளிவிட மாட்டார். நாற்பது பேருக்கு அனுப்புவதைவிட இப்படி ஆறு பேருக்கு எழுதுங்கள். ஆறுக்கும் ஆறு கடிதம்.

பெற்றோர் டேன்டீயில் வேலை செய்வதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயோடேட்டாவில் 'தந்தை தொழில்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அந்த வரியையே எடுத்துவிடுங்கள், எந்த ஃபர்முக்கும் அது தேவையில்லை. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்பது நீங்கள் எழுதும் விஷயத்தோடு சேர்ந்தால் ஒரு வரி சொல்லுங்கள். இரக்கத்துக்காகச் சொல்ல வேண்டாம். இரக்கப்பட்டு எடுத்தவர்கள் கடைசிவரை ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுவார்கள்.

இங்கிலீஷ் பற்றி இன்னும் கொஞ்சம். கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில், பத்திரம் தமிழில், வி.ஏ.ஓ. கையெழுத்து யாருக்கும் புரியாத தமிழில். சென்னையின் பெரிய ஃபர்முகளில் டெல்லியிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நிறைய. பத்திரத் தமிழ் அவர்களுக்கு வராது. 'தமிழ்ப் பத்திரங்களைப் படித்து இங்கிலீஷில் சுருக்கம் எழுத முடியும்' என்று ஒரு வரி போடுங்கள். சேரம்பாடிக்காரருக்கு மலையாளம் பேச வந்துவிடும், படிக்கவும் வருமென்றால் அதையும் போடுங்கள். பழைய ஜென்மப் பத்திரம் மலையாளத்தில் வந்தால் அவர்கள் யாரைத் தேடுவார்கள்?

அரியரை மறைக்காதீர்கள். மதிப்பெண் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் நீங்களாக அதைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் வேண்டாம்.

நீங்கள் பார்த்து எழுதிய மாதிரி இங்கிலாந்துக்காரர்களுடையது. அங்கே சொலிசிட்டர் ஆக ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் என்று இரண்டு வருடப் பயிற்சி உண்டு, 2021 முதல் எஸ்.க்யூ.ஈ. என்ற தேர்வு முறையும் வந்திருக்கிறது. அந்த இடங்களுக்கு நெடுநாள் முன்பே விண்ணப்பித்து, 'ஏன் வணிகச் சட்டம், ஏன் எங்கள் நிறுவனம்' என்ற கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார்கள். நமக்கு அந்த ஏற்பாடே கிடையாது. பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிந்து, நேராக ஜூனியராகவோ அசோசியேட்டாகவோ போய்ச் சேர வேண்டியதுதான். ஃபர்முகள் இன்டர்னாக வந்தவர்களிலிருந்தே பிறகு ஆள் எடுப்பதும் உண்டு. அந்த மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது 'ஏன் எங்களிடம்' என்ற கேள்வி ஒன்றுதான், அதற்கு வழி மேலே சொல்லிவிட்டேன்.

தேதி. பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், மூன்றாண்டுக்கு 12. ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. எல்லோரும் மே மாதத்துக்குத்தான் கேட்கிறார்கள். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வு மட்டும்தான் நடக்கும். வழக்கு நடத்தும் ஆபீசில் அப்போது போய் என்ன பார்ப்பீர்கள்? கல்லூரி விடும் நேரமாகப் பார்த்து ஜூலைக்கோ செப்டம்பருக்கோ கேளுங்கள், கூட்டம் குறைவு. மெயிலின் தலைப்பிலேயே தேதியைப் போடுங்கள். கடிதமும் பயோடேட்டாவும் ஒரே பி.டி.எஃப்., கோப்பின் பெயர் உங்கள் பெயர். 'ஃபைனல் நியூ 3' என்று இருந்தது, பார்த்தேன். சேரம்பாடியில் எந்த நம்பருக்குச் சிக்னல் கிடைக்குமோ அந்த நம்பரைக் கொடுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பணம் பற்றி நேராகவே சொல்கிறேன். பல சேம்பர்களில் இன்டர்னுக்கு ஒரு பைசா கிடையாது. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கு, மாணவர்களுக்கு அல்ல. முதல் மெயிலிலேயே கேட்க வேண்டாம். வரச் சொன்ன பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் நான்கு வாரம் சென்னையில் தங்கும் செலவு உங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் இந்த வருடம் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நல்ல சிவில் சீனியரிடம் போங்கள். குறைந்துபோக மாட்டீர்கள்.

கோட்டு: ஃபர்மில் மேசை வேலை மட்டும் என்றால் சாதாரண ஃபார்மல் உடை போதும். கோர்ட்டுக்குள் போவதாக இருந்தால் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, முழுதாக மூடிய ஷூ வேண்டும். கழுத்துப் பட்டையும் கவுனும் பதிவு செய்த பிறகுதான், இப்போது வாங்கிவிடாதீர்கள். கோட்டும் புதிதாக வேண்டியதில்லை, உங்கள் கல்லூரியில் போன வருடம் முடித்துப் போன அக்காக்களிடம் கேட்டால் ஒன்று கிடைத்துவிடும்.